எட்டுச் செப்பு மாதுளைகள்

பட்டறையில் அவளுக்கு 'மூணுதரம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு மூன்று தரம் திருகிப் பார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போனபின், இழுத்துப் பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று சந்தேகம் வந்து திரும்பவும் வருவாள். அவள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "உன்னை மாதிரி ஒரு டிரைவர் எனக்கு வாய்ச்சிருந்தா பஸ்ஸு டிப்போவை விட்டே வெளிய வந்திருக்காது" என்பார். அவள் சிரிக்கமாட்டாள். பயந்த ஜனங்களைக் கேலி செய்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் விளங்குவதே இல்லை. பயம் யாரும் ஆசைப்பட்டு வைத்துக்கொள்கிற சாமான் அல்ல. ஒருநாள் எங்கேயோ வசமாக மாட்டியபோது வந்து ஒட்டிக்கொண்டது அது.

ஐம்பத்தொரு வயது அவளுக்கு. செம்பிலும் பித்தளையிலும் சாமான் செய்கிற பட்டறையில் பற்றவைக்கிற வேலை. இரண்டு தகடுகளின் விளிம்பில் வெண்காரம் தடவி, வெள்ளிப் பொடி வைத்து, நெருப்பைக் காட்டி ஒன்றாக்கிவிடுவாள். அவள் பற்றவைத்த இடத்தை நகத்தால் தடவினாலும் தட்டுப்படாது. இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு எதற்கு இந்த அம்மா இவ்வளவு பயப்படுகிறாள் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். பழையவர்களுக்கும் தெரியாது. பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. உருண்டை, குமிழ் என்று உள்ளே கூடாக இருக்கிற எதைச் செய்தாலும், ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை விட்டுத்தான் பற்றவைப்பார்கள். அந்தத் துளைக்கு 'மூச்சு' என்று பெயர். பற்றவைத்ததும் ஆசிட்டில் போட்டு அழுக்குப் போக்கித் தண்ணீரில் அலசும்போது, அந்த மூச்சு வழியாகக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போய்விடும். சுடுதகட்டின் மேல் வைத்துக் காயவைக்க வேண்டும். காய்ந்ததா என்று தெரிய, மூச்சுக்கு நேராக ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைப் பிடிப்பார்கள். கண்ணாடி மங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. மங்காமல் தெளிவாக இருந்தால்தான் ஒரு துளி ஈயம் வைத்து அடைக்கலாம். ஈரத்தோடு அடைத்த சாமான் அலமாரியில் இருக்கிற வரைக்கும் சாது. நெருப்பு பட்டால் உள்ளே ஆவி முட்டி, அடைத்த ஈயம் தோட்டா மாதிரி பறக்கும், பின்னாலேயே கொதிக்கிற தண்ணீர் வரும்.

அதனால் அடைக்கிறவர் "மூச்சை மூடுறேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இன்னொருவர் எழுந்து வந்து, கண்ணாடியைத் தன் கண்ணாலேயே பார்த்து, "தெளிஞ்சாச்சு" என்று சொல்ல வேண்டும். ஒருவர் கண் போதாது. பட்டறையில் எத்தனையோ விதிகள் காற்றோடு போயிருக்கின்றன. இது மட்டும் போகவில்லை.

அந்த வருஷம் நகர நூலகத்தில் எட்டுச் சனிக்கிழமைகளுக்குத் தொடர் பேச்சு ஏற்பாடு செய்தார்கள். உலோக வேலையும் உலோகக் கலையும் என்று தலைப்பு. மாடி ஹாலில் சாயங்காலம் நாலு மணிக்கு. யார் வேண்டுமானாலும் வரலாம். முதல் வாரம் செம்பு, இரண்டாம் வாரம் இரும்பு, மூன்றாவது வார்ப்பு, நான்காவது கம்பி இழுப்பது, ஐந்தாவது தகட்டை அடித்துப் பாத்திரமாக்குவது. ஒவ்வொரு பேச்சாளருக்கும் நினைவுப் பரிசாகக் கொடுக்க நூலகர் இந்தப் பட்டறையில் எட்டுச் செப்பு மாதுளைகள் செய்யச் சொன்னார். கையடக்கமான மாதுளை, தலையில் கிரீடம், உள்ளே நாற்பது செப்பு மணிகள். ஆட்டினால் சலசலவென்று விதை மாதிரி சத்தம் வரும். மூச்சைக் கிரீடத்துக்குள் மறைத்து வைத்து, பிறகு அடைத்து மெருகேற்றிவிடவும் சொன்னார். ஓட்டை தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். எட்டையும் பற்றவைத்தது மூணுதரம்தான்.

பேச்சுகளுக்குப் புருஷனையும் இழுத்துக்கொண்டு ஒரு வாரம்கூட விடாமல் போனாள். தான் தினமும் செய்கிற வேலையை மேடையில் மைக் வைத்துச் சொல்கிறார்களே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். செம்பைப் பற்றிப் பேசியவர் அரைமணி நேரம் ஆக்சைடு படலம், ஆக்சைடு படலம் என்று சொன்னபோது, "கருப்பு புடிக்கிறதத்தான் சொல்றாரு" என்று புருஷன் காதில் சொன்னாள். அவரும் ஏதோ பெரிய ரகசியம் தெரிந்த மாதிரி தலையாட்டினார். அந்த ஐந்து வாரமும் அவள் முகத்தில் பயம் இல்லை என்று அவர் பிற்பாடு சொன்னார்.

ஐந்தாவது பேச்சு முடிந்ததும் நூலகர் மைக்கைப் பிடித்தார்.

"அடுத்த வாரம் ஒரு விசேஷம். நெருப்பை மட்டும் வச்சு செம்புல வண்ணம் வரவழைக்கிற ஒரு அம்மா வராங்க. நம்ம நினைவுப் பரிசு மாதுளையையே மேடையில நெருப்புல காட்டி, சிவப்பு, ஊதா, தங்க நிறமெல்லாம் கொண்டுவந்து காட்டப் போறாங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. முன்வரிசை அவங்களுக்குத்தான்."

கைதட்டினார்கள். மூணுதரத்தின் கை மடியிலேயே கிடந்தது.

அவளுக்கு அந்த மத்தியானம் ஞாபகத்துக்கு வந்தது. மாதுளைகளை வாங்கிக்கொண்டு போக நூலக வேன் வாசலில் நிற்கிறது. பட்டறை ஆட்கள் எல்லோரும் வேறு ஒரு பாரத்தை ஏற்றப் போய்விட்டார்கள். ஏழு மாதுளையை அடைத்தாகிவிட்டது, ஏழுக்கும் ஆள் வந்து பார்த்துச் சொல்லியாகிவிட்டது. எட்டாவது சுடுதகட்டின் மேல் இருக்கிறது. "மூச்சை மூடுறேன்" என்று கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். வேன்காரன் ஹாரன் அடித்தான். மூன்றாவது தரம் கூப்பிட்டாள். அப்போது, "தெளிஞ்சாச்சு" என்று ஒரு குரல் கேட்டது. அது அவள் குரல்தான்.

தானே கூப்பிட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டாள். அந்தப் பட்டறையில் யாரும் செய்யாத காரியம். கண்ணாடி இடது கையில் இருந்தது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தாளா? மங்கியிருந்ததா, தெளிந்திருந்ததா? எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் வெறும் ஹாரன் சத்தம்தான் வருகிறது. கதவையும் சிலிண்டரையும் மூன்று தரம் பார்க்கிறவள், பார்க்க வேண்டிய ஒன்றை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லையோ என்னவோ. எட்டும் ஒரே பெட்டியில் போயின. எது எட்டாவது என்று இனி பிரம்மா வந்தாலும் சொல்ல முடியாது. ஆட்டிப் பார்த்தும் பயனில்லை, மணிகள் சலசலக்கிற சத்தத்தில் தண்ணீர் எங்கே கேட்கும்?

மறுநாள் காலையில் புருஷனிடம் சொன்னாள்.

"நீ பார்த்திருப்ப. நீ பார்க்காம விடுற ஆளா?" என்றார் அவர்.

"பார்த்தது ஞாபகம் இல்லைங்க."

"பூட்டுனதும்தான் உனக்கு ஞாபகம் இருக்கிறதில்ல. பூட்டாமயா இருக்கு?"

"இது பூட்டு இல்லைங்க. முன்வரிசைல பிள்ளைங்க உட்காரும்."

அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தினார். "அப்ப முதலாளிகிட்ட சொல்லிடு. இதுல என்ன யோசனை?"

யோசனை இருந்தது. அது அவருக்கும் தெரியாது. கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து அவள் அவரிடம் மறைத்த ஒரே விஷயம் அது.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அவளுக்கு இருபது வயது, பட்டறைக்குப் புதுசு. அப்போது பட்டறை பெரியவருடையது, இப்போதைய முதலாளியம்மாவின் அப்பா. பெரியவர் தண்ணீர்த் தொட்டிக்கான ஒரு செப்பு மிதவையின் மூச்சை அடைக்கப் போகிறார். "மூச்சை மூடுறேன்" என்றார். இவள் நாலு மேஜை தள்ளி உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவளிடம் வாய் ஓயாமல் கதையளந்துகொண்டிருந்தாள். எழுந்து போகச் சோம்பல். உட்கார்ந்த இடத்திலிருந்தே, தலையைக்கூடத் திருப்பாமல், "தெளிஞ்சாச்சு" என்று குரல் கொடுத்தாள். பெரியவர் அடைத்தார். இரண்டு நாள் கழித்து அந்த மிதவைக்கு ஒரு பிடி வைக்க வேண்டும் என்று திரும்ப நெருப்பில் காட்டினார். ஈயம் தெறித்து அவர் வலது கண்ணில் போயிற்று.

கண் போய்விட்டது. "காயாம மூடிட்டேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று பெரியவர் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். யார் பதில் சொன்னது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதன் பிறகு இருபத்துமூன்று வருஷம் அவர் ஒற்றைக் கண்ணோடு அதே பட்டறையில் அவளுக்கு வேலை கொடுத்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். அவர் மகள், அப்போது ஒன்பது வயதுப் பிள்ளை, அப்பாவின் கண் தெரிகிற பக்கமாகவே நடந்து பழகினாள். தெருவில் போகும்போது தவறி வலது பக்கம் வந்துவிட்டால், சட்டென்று சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய்விடுவாள். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் மூணுதரம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்தப் பிள்ளைதான் இப்போது முதலாளியம்மா. அவளிடம்தான் போய், "நானே கூப்பிட்டு நானே பதில் சொல்லிட்டேன்" என்று சொல்ல வேண்டும். இந்த நூலை இழுத்தால் அந்த நூலும் கூடவே வந்துவிடும்.

இருந்தாலும் திங்கட்கிழமை போய்ச் சொன்னாள். மாதுளை விஷயத்தை மட்டும். ஆள் இல்லாத நேரம் பார்த்து, சின்ன வயதிலிருந்து கூப்பிடுகிற மாதிரி "பாப்பா" என்று ஆரம்பித்தாள்.

முதலாளியம்மா முழுவதும் கேட்டாள். "அக்கா, ஈரம் இருக்குன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது பாப்பா."

"எட்டுல ஒண்ணு. அதுவும் ஈரமா இல்லையான்னு தெரியாது. அந்த ஒண்ணே மேடைக்கு வரணும்னு என்ன இருக்கு? நகர மண்டபத்துக்கு விளக்கு செய்யற வேலை நமக்கு வரப்போற நேரம் இது. நாம குடுத்த பரிசு வெடிக்கும்னு நாமளே போய்ச் சொன்னா, நாளைக்கு எவன் நம்மகிட்ட ஒரு கரண்டி வாங்குவான்? உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். இதையும் அதோட சேர்த்துக்குங்க."

அவள் கெட்டவள் இல்லை. பதினாலு பேருக்கு வேலை கொடுக்கிறவள். மூணுதரத்தின் பயத்தைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவள். தினமும் தீ தீ என்று கத்துகிறவள் ஒருநாள் நிஜமாகக் கத்தினால் அடையாளம் தெரியாது. அது மூணுதரத்தின் தலையெழுத்து.

புதன்கிழமை நூலகத்துக்கே போனாள். கண்ணாடி அலமாரியில் மீதி மூன்று மாதுளை இருக்கும், ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அலமாரியில் இரண்டுதான் இருந்தன.

"ஒண்ணை அந்த அம்மா முன்கூட்டியே கேட்டாங்க, மேல இருக்கிற மெருகை எடுத்துத் தயார் பண்ணணுமாம். நேத்தே கூரியர்ல அனுப்பிட்டேன்" என்றார் நூலகர். அவளைப் பார்த்ததில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "நீங்கதானே பற்றவைச்சது? ஏதாவது சொல்லணுமா? இருங்க, ஃபோன் போடறேன்."

போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை.

"என்ன விஷயம்னு சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மனுஷிக்குக் கிடைக்காது. வாயைத் திறந்தால் போதும். "ஒண்ணுமில்ல சார். மெருகு நல்லா வந்திருக்கான்னு கேக்கலாம்னு" என்றாள். படியிறங்கும்போது தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. சோற்றுத் தட்டைப் பார்த்தாலும் ஒரு பிள்ளையின் முகம் தெரிந்தது.

சனிக்கிழமை மூன்றரைக்கே ஹால் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் பிள்ளைகளை எண்ணினாள். பதினொன்று. மூன்று தரம் எண்ணினாள், பதினொன்றுதான். அதில் ஒரு பெண்பிள்ளை நாற்காலியில் இடமில்லாமல் மேடை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டில் மரியாதைக்குரியவர்கள் வரிசையில் முதலாளியம்மா. அவள் திரும்பி மூணுதரத்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம்.

வண்ணக்காரம்மா நன்றாகப் பேசினாள், அதிகம் பேசவில்லை. செம்பு நெருப்பைக் கண்டதும் எப்படி நிறம் மாறுகிறது, எந்தச் சூட்டில் எந்த நிறம் என்று ஒரு தகட்டில் காட்டினாள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பிறகு மேஜைமேல் இருந்த துணியை விலக்கினாள். மாதுளை. மெருகு எடுத்ததில் ரோஜா நிறமாக இருந்தது. அதை எடுத்து மேடை ஓரத்துப் பெண்பிள்ளையின் காதோரம் ஆட்டினாள்.

"விதை சத்தம் கேக்குதா?"

"கேக்குது" என்றது பிள்ளை.

வண்ணக்காரம்மா பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மாதுளையைச் செங்கல்மேல் வைத்தாள், கிரீடம் பிள்ளைகளைப் பார்த்தபடி. கேஸ் பர்னரைப் பற்றவைத்தாள். நீலச் சுடர் சீறியது.

மூணுதரம் எழுந்து நின்றாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. மறுபடி திறந்தாள், காற்றுதான் வந்தது. பக்கத்தில் புருஷன் அவள் முழங்கையைப் பிடித்தார், உட்காரச் சொல்லி அல்ல. மூன்றாவது தரம் குரல் வந்தது. ஆனால் வந்தது மேடைப் பேச்சும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பட்டறையில் முப்பது வருஷமாகக் கூப்பிட்டுப் பழகிய சத்தம்.

"மூச்சை மூடினது யாரும் பார்க்கல."

ஹாலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. யாரோ சிரித்தார்கள். ஆனால் வண்ணக்காரம்மா நெருப்போடு வாழ்கிறவள். அடுத்த நொடியே பர்னரைத் திருப்பி அணைத்தாள்.

"அடைச்சிருக்கா இது?"

"ஆமா. கிரீடத்துக்குள்ள. ஈயம் வச்சு."

"உள்ள காய்ஞ்சுதா?"

"தெரியாது. நானே கூப்பிட்டு, நானே தெளிஞ்சாச்சுன்னு சொல்லிக்கிட்டேன். கண்ணாடியைப் பார்த்தேனான்னு தெரியல."

"நானும் கேட்டிருக்கணும். திறந்திருக்கும்னு நினைச்சுட்டேன்" என்றாள் வண்ணக்காரம்மா. அவள் முகம் வெளுத்திருந்தது. மேடை ஓரத்துப் பிள்ளையைத் தூக்கித் தள்ளி உட்காரவைத்தாள்.

முதலாளியம்மா எழுந்தாள். கோபத்தை அடக்கிய குரல். "மன்னிக்கணும். அக்காவுக்கு எப்பவும் இப்படித்தான். எதையெடுத்தாலும் பயம். ஒரு சந்தேகத்துக்காக இத்தனை பேரை..."

"சந்தேகம் இல்லை பாப்பா" என்றாள் மூணுதரம். இனி நிறுத்த முடியாது. நூல் இழுத்தாகிவிட்டது. "உங்கப்பா மிதவையை மூடினப்போ, தெளிஞ்சாச்சுன்னு குரல் குடுத்தது நான்தான். எழுந்து போகல. பார்க்கல. உட்கார்ந்த இடத்துல இருந்தே சொன்னேன். அவர் கண்ணு அதனாலதான் போச்சு. எனக்குப் பயம் எங்கேருந்து வந்துச்சுன்னு பட்டறையில எல்லாரும் கேப்பீங்கல்ல, அங்கேருந்துதான்."

மைக் எதுவும் இல்லாமலேயே அது கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. முதலாளியம்மா நின்றவள் நின்றபடியே இருந்தாள். பேயறைந்த மாதிரி என்று சொல்வார்களே, அப்படி.

வண்ணக்காரம்மா கை டிரில்லை எடுத்தாள். கிரீடத்துக்குள் விட்டு ஈயத்தைத் துளைத்து எடுத்தாள். மாதுளையைக் கவிழ்த்து, வெள்ளைக் காகிதத்தின் மேல் பிடித்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆட்டினாள், தட்டினாள். மணிகள் சலசலத்தன. காகிதத்தில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

காய்ந்துதான் இருந்தது.

ஹால் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. கேலி என்று சொல்ல முடியாது, பயந்துவிட்டு மூச்சுவிடுகிற சிரிப்பு. ஆனால் மூணுதரத்துக்கு அந்த நேரம் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. முப்பத்தொரு வருஷம் காத்த ரகசியத்தைக் காய்ந்த பழம் ஒன்றுக்காகப் போட்டு உடைத்தாகிவிட்டது. வண்ணக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இது இல்லைன்னா மத்த ஏழு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

அலமாரியிலிருந்த இரண்டையும் அங்கேயே திறந்தார்கள். இரண்டும் காய்ந்தவை. மீதி ஐந்து, ஐந்து வீடுகளில். நூலகர் ஐந்து பேருக்கும் ஃபோன் செய்து, மாதுளையை அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்று சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மூணுதரத்தின் வீட்டு வாசலில் பட்டறை வேன் வந்து நின்றது. ஓட்டிவந்தது முதலாளியம்மா. பின்னால் டிரில், சின்னச் சுடுதகடு, சூட்டுக்கோல், ஈயம் எல்லாம் இருந்தன. மூணுதரம் கண்ணாடித் துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கதவைப் பூட்டி மூன்று தரம் இழுத்தாள். வேன் ஹாரன் அடிக்கவில்லை.

இரண்டு வீடு வரைக்கும் முதலாளியம்மா வாயைத் திறக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தப்போகிறாள் என்று மூணுதரம் நினைத்தாள். அதைவிட, நிறுத்தாமல் தினமும் இப்படியே மௌனமாக இருந்துவிடுவாளோ என்று அதிகம் பயந்தாள். முதல் வீட்டு மாதுளை காய்ந்திருந்தது. இரண்டாவதும் காய்ந்திருந்தது. திறந்து, பார்த்து, அடைத்து, வணக்கம் சொல்லிவிட்டு வந்தார்கள்.

மூன்றாவது வீட்டுக்குப் போகிற வழியில் முதலாளியம்மா சாலையைப் பார்த்தபடியே கேட்டாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா பாப்பா. குரல் பக்கத்துலேருந்து வந்துச்சா, நாலு மேஜை தள்ளி வந்துச்சான்னு அவருக்குத் தெரியாதா."

"ஏன் எழுந்து வந்து பாருன்னு சொல்லல?"

"அதை நானும் முப்பது வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, வெயிலுக்குக் கையை வைத்தாளா, மூணுதரம் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது வீடு கம்பி இழுப்பதைப் பற்றிப் பேசியவருடையது. எழுதுகிற மேஜைமேல், ஜன்னலோரமாக, காகிதம் பறக்காமலிருக்க மாதுளையை வைத்திருந்தார். நூறு வருஷம் அங்கேயே கிடந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மூணுதரம் ஈயத்தைத் துளைத்தாள். கவிழ்த்தாள். சில்லென்று உள்ளங்கையில் தண்ணீர் விழுந்தது. ஒரு கரண்டி இருக்கும். லேசாகப் பச்சை கலந்திருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. இதுவரைக்கும் 'பார்த்தேனோ பார்க்கவில்லையோ' என்று ஒரு கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். இப்போது தெரிந்துவிட்டது, பார்க்கவில்லை. முதல் தரமும் பார்க்கவில்லை, இரண்டாம் தரமும் பார்க்கவில்லை. நேற்று மேடையில் இந்தப் பழம் இருந்திருந்தால் அந்தப் பெண்பிள்ளை எந்தப் பக்கமாக நடக்கப் பழகியிருக்கும் என்று நினைத்தாள். விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் மேஜைமேல் சொட்டியது. தேம்பித் தேம்பி அழுதாள். கம்பி இழுப்பதைப் பற்றிப் பேசியவர் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய்த் துண்டு எடுத்துவந்தார்.

முதலாளியம்மா துண்டை வாங்கி மூணுதரத்தின் கையில் கொடுத்தாள். சுடுதகட்டை மின்சாரத்தில் மாட்டினாள். மாதுளையை அதன்மேல் வைத்தாள். அரைமணி நேரம் மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஈயத்தை உருக்குகிற சூட்டுக்கோல் சூடேறியது. முதலாளியம்மா அதைக் கையில் எடுத்தாள். அவள் பட்டறையில் கோலைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. முதல் இரண்டு வீட்டிலும் அடைத்தது மூணுதரம்தான், பார்த்தது இவள். இப்போது இவள் மூணுதரத்தின் முகத்தை நேராகப் பார்த்தாள், நேற்றிலிருந்து முதல் தரமாக.

"மூச்சை மூடுறேன்" என்றாள். அப்பா சொல்கிற மாதிரியே, ஒரு சொல்லை ஒரு சொல் முட்டாமல்.

மூணுதரம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். இந்த வார்த்தைக்குப் பதில் சொல்ல பெரியவர் குடும்பத்து மனுஷர்களிடம் இனி தனக்கு வாய் ஏது என்று நினைத்தாள். முதலாளியம்மா கோலைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை, இன்னொரு தரம் கூப்பிடவும் இல்லை.

மூணுதரம் எழுந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணாடியைத் துடைத்து மூச்சுக்கு நேராகப் பிடித்தாள், பார்த்தாள். துடைத்து மறுபடி பிடித்தாள், பார்த்தாள். மூன்றாவது தரம் பிடித்துக் கண் இமைக்காமல் பார்த்தாள். அதில் அவள் கண்தான் தெரிந்தது, அழுது சிவந்து, ஒரு மங்கலும் இல்லாமல்.

"தெளிஞ்சாச்சு" என்றாள்.

முதலாளியம்மா ஈயத்தை வைத்தாள். இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது. தேடியது கிடைத்துவிட்டதே, இனி எதற்கு என்று கம்பிப் பேச்சாளர் கேட்டார். இரண்டு பேரும் சாமான்களை வேனில் ஏற்றினார்கள்.